பங்கின் சபைகள்: யார், எதற்காக, எப்படி?

ஞாயிறு திருப்பலியில் இறுதி ஆசீருக்கு முன் வாசிக்கப்படும் அறிவிப்புகளை, ஒரு பங்குக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம் பூசை முடிந்தவுடன் பங்கு அலுவலகத்தில் நடைபெறும், மரியாயின் சேனை மாலை 5 மணிக்குக் கூடும், சவேரியார் அன்பியக் கூட்டம் வெள்ளி இரவு இன்னார் வீட்டில், பங்குப் பேரவை அடுத்த ஞாயிறு என்று பெயர்கள் அடுக்கடுக்காக வந்து விழும். திருமணமாகிச் சேலத்துக்கு வந்த பெண்களும், வேலை மாற்றலாகிச் சூரமங்கலம் பக்கம் குடியேறியவர்களும், கத்தோலிக்கர் அல்லாத நண்பர்களும் என்னிடம் கேட்டிருக்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்: இத்தனை சபைகள் எதற்கு, கஷ்டம் என்று வந்தால் யாரிடம் போவது, உதவ விரும்பினால் எதில் சேருவது? 20 ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய ஒரு சபையில் இருந்துவருபவன் என்ற முறையில், தெரிந்தவரை விளக்க முயல்கிறேன்.

முதலில் பங்கு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சொத்தில் பங்கு, நிலத்தில் பங்கு என்று சொல்கிறோமே, அதே சொல்தான் இது. ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பிலுள்ள நிலப்பரப்பு மறைமாவட்டம். அதன் ஒரு பகுதியும் அதில் வாழும் மக்களும் ஒரு குருவின் பொறுப்பில் ஒப்படைக்கப்படும்போது அது பங்கு எனப்படுகிறது. 1983இல் வெளியான திருஅவைச் சட்டத் தொகுப்பின் 515ஆம் பிரிவு, பங்கைக் கட்டடமாகவோ நிலமாகவோ பார்க்காமல், நிலையான ஒரு மக்கள் சமூகம் என்றே வரையறுக்கிறது. கோயில் அந்தச் சமூகம் கூடும் இடம், அவ்வளவே. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பங்கின் அறப்பணிகளைப் புரிந்துகொள்ள இதுவே வாசல். ஏனெனில், கோயிலுக்கு வருபவர்கள் மட்டுமல்லாமல், படுத்த படுக்கையாக இருப்பதால் வர முடியாதவர்களும், மனம் கசந்து வராமல் நின்றுபோனவர்களும் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்தாம்.

சேலம் மறைமாவட்டம் 1930 மே 26 அன்று ஏற்படுத்தப்பட்டது; 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1623இல், இராபர்ட் தே நொபிலி மதுரையிலிருந்து இந்தப் பக்கம் வந்து பணியாற்றியிருக்கிறார். எனவே இங்குள்ள கத்தோலிக்கச் சமூகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் நகரத்துப் பங்கும் மலைப் பங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சேலம் நகரில் ஒரு பங்கின் எல்லையை நடந்தே சுற்றிவந்துவிடலாம். சேர்வராயன் மலையிலோ காபித் தோட்டங்களும், தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளும், மலைக் கிராமங்களும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கலாம். பங்குத்தந்தை ஒருவரே எல்லா வீட்டு நிலவரத்தையும் அறிந்திருப்பது நகரத்தில் கடினம். மலையில் இயலவே இயலாது. சபைகள் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான்.

அன்பியத்திலிருந்து தொடங்குவோம். அடித்தளக் கிறிஸ்தவச் சமூகம் என்பதற்குத் தமிழகத் திருஅவை சூட்டிய அழகான பெயர் அது. அருகருகே வாழும் 20 அல்லது 30 குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயரும் ஒரு பொறுப்பாளரும் உண்டு. மாதத்திற்கு ஒருமுறையோ இருமுறையோ ஒவ்வொரு வீடாக மாறி மாறிக் கூடுகிறார்கள். விவிலியப் பகுதி ஒன்றை வாசித்து அவரவர் மனத்தில் பட்டதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதன்பின் பேச்சு இயல்பாக ஊர் நடப்புக்கு வந்துவிடும். யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் வேலை போயிற்று, யாருடைய பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அன்பியத்துக்கு உறுப்பினர் சந்தா கிடையாது, சேர்க்கைப் படிவம் கிடையாது. அந்தத் தெருவில் குடியிருந்தால் நீங்கள் அந்த அன்பியத்தைச் சேர்ந்தவர்.

நவம்பரில் தொடங்கும் காபிப் பழ அறுவடைக் காலத்தில் ஏற்காட்டுப் பக்கத்து லயன் ஒன்றில் நடந்த அன்பியக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். பகலெல்லாம் பழம் பறித்துவிட்டு, எடை போட்டு, இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள் என்பதால் கூட்டம் ஞாயிறு மதியத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. பதினைந்து பேர் ஒரே அறையில், சுவரோரம் கால் மடக்கி உட்கார்ந்திருந்தோம். குளிருக்குக் கதவைச் சாத்தியிருந்ததால் அடுப்புப் புகை உள்ளேயே சுற்றியது. பகிர்வு முடியும் நேரத்தில் ஓர் அம்மா, "மேல் லயன்ல தாத்தாவுக்கு இந்த மாசத்தோட வேலை முடியுது, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயன் வீட்டை விட வேண்டும். அவருக்கோ கீழே சேலத்தில் போய்த் தங்குவதற்கு யாருமில்லை. அந்தப் பெரியவர் கோயிலில் வந்து மனு எழுதிக் கொடுத்திருக்கவே மாட்டார். மேல் லயனில் ஒரு வீடு காலியாகப்போகிறது என்பதைப் பங்கு அலுவலகம் எந்தப் பதிவேட்டிலிருந்தும் அறிந்திருக்க முடியாது. அவரை அறிந்திருந்தவர், அவரோடு பழம் பறித்த அந்த அம்மா ஒருவர்தான். அன்பியம் இல்லாத பங்கில் அறப்பணி நடக்காது என்றில்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும்.

தேவை தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? இங்கேதான் வின்சென்ட் தே பவுல் சபை வருகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பங்கின் அறப்பணி என்றால் பெரும்பாலான ஊர்களில் முதுகெலும்பாக இருப்பது இதுவே.

இந்தச் சபையைத் தொடங்கியவர் புனித வின்சென்ட் தே பவுல் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் 1660இலேயே இறந்துவிட்டார். சபை அவரைப் பாதுகாவலராகக் கொண்டது, அவ்வளவுதான். சபையைத் தொடங்கியவர்கள் பாரிஸ் நகரக் கல்லூரி மாணவர்கள் சிலர். அவர்களில் முதன்மையானவர் பிரெடெரிக் ஓசனாம். 1833இல் சபை தொடங்கியபோது அவருக்கு வயது 20. அந்த மாணவர்கள் வரலாறும் தத்துவமும் விவாதிக்கும் ஒரு கருத்தரங்கம் நடத்திவந்தார்கள். அதில் ஒருநாள் எதிர்த்தரப்பினர், கிறிஸ்தவம் ஒரு காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். முந்தைய ஆண்டுதான் பாரிஸைக் காலரா சூறையாடியிருந்தது. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், அந்த இளைஞர்கள் அருட்சகோதரி ரோசலி ரெந்து என்பவரிடம் போனார்கள். நகரின் மிக வறிய பகுதியில் பணியாற்றிவந்த அவர், எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, ரொட்டிக்கும் நிலக்கரிக்குமான சீட்டுகளைக் கையில் கொடுத்து அனுப்பினார். எப்படிப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் பேராசிரியராகிப் புகழ் பெற்ற ஓசனாம் 40ஆம் வயதில் இறந்தார். 1997இல், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். சபையின் ஒவ்வொரு கிளையையும் இன்றும் கான்பரன்ஸ் என்று அழைப்பது, அந்த மாணவர் கருத்தரங்கத்தின் நினைவாகத்தான். 1863இலேயே சபை இந்தியாவுக்கு வந்துவிட்டது.

ஒரு கான்பரன்ஸ் கூட்டம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன். எங்கள் கிளையில் பத்துப் பன்னிரண்டு பேர் வாராவாரம் கூடுவோம். தொடக்க செபம், சிறிய ஆன்மிக வாசிப்பு, சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிப்பு ஆகியவை முடிந்தபின், அந்த வாரம் வீடு சந்தித்தவர்கள் எழுந்து நின்று தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். எப்போதும் இருவராகவே போக வேண்டும் என்பது விதி. தனியாகப் போகக் கூடாது. இருவர் பார்வையில் ஒரு வீடு இருவிதமாகத் தெரியும்; அதைப் பேசித் தீர்த்துக்கொண்டபின்தான் என்ன உதவி என்ற முடிவுக்கு வருவோம். முறையாக மாதந்தோறும் உதவி பெறும் குடும்பங்களைத் தத்துக் குடும்பங்கள் என்பார்கள். அரிசி, மளிகை, மருந்துச் செலவு, பள்ளிக் கட்டணம், வாடகைப் பாக்கி என்று உதவியின் வடிவம் வீட்டுக்கு வீடு மாறும். உதவி கேட்பவர் கத்தோலிக்கரா என்று பார்ப்பதில்லை; பார்க்கக் கூடாது என்பதே சபையின் ஒழுங்கு. எங்கள் தத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் பிற சமயத்தவர்கள்.

கூட்டம் முடியும் முன் ஒரு துணிப்பை கைமாறி வரும். இதற்கு இரகசியக் காணிக்கை என்று பெயர். ஒவ்வொருவரும் கையை மூடியபடியே பைக்குள் விட்டு, மூடியபடியே எடுக்க வேண்டும். யார் ஐநூறு போட்டார், யார் பத்து போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்பது எவருக்கும் தெரியாது. நான் சேர்ந்த புதிதில் இது ஏதோ பழைய சடங்கு என்று நினைத்தேன். விசைத்தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்த ஒரு சகோதரர் எங்கள் கிளையில் நீண்ட காலம் செயலராக இருந்தார். தறி நின்றிருந்த வாரங்களில் அவர் கையில் என்ன இருந்திருக்கும் என்று பிற்பாடுதான் யோசித்தேன். அந்தப் பை மட்டும் இல்லாமல், நோட்டில் பெயர் எழுதி வசூலித்திருந்தால் அவர் அந்த வாரங்களில் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார். பணம் உள்ளவன் மட்டும் தர்மம் செய்பவனாகவும், இல்லாதவன் வாங்குபவனாகவும் பிரிந்துபோகாமல் அந்தப் பை காக்கிறது.

வீடு சந்திப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு விதவைத் தாய்க்கு அரிசி வேண்டும் என்று அன்பியத்திலிருந்து செய்தி வந்தது. சேலத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் வெள்ளிக் கொலுசு வேலையில், சின்னஞ்சிறு வளையங்களைக் கோத்துப் பற்றவைக்கும் கூலிவேலை அவருடையது. நானும் இன்னொரு மூத்த உறுப்பினரும் போனோம். தட்டில் கொட்டியிருந்த வெள்ளி வளையங்களை அவர் விரல் நுனியால் தடவித் தடவிப் பொறுக்குவதை மூத்தவர் சிறிது நேரம் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணு எப்பம்மா கடைசியா காட்டினீங்க?" என்று கேட்டார். இரண்டு கண்ணிலும் புரை. வேலை குறைந்ததற்கு அதுவே காரணம். அரிசித் தட்டுப்பாடு அதன் விளைவு. அரிசியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால் மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருந்திருப்போம். அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது அரசு மருத்துவமனைக்குக் கூட வர ஓர் ஆள், அறுவை முடிந்தபின் இரண்டு வாரம் சமைத்துத் தர ஒரு வீடு, விதவை உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கத் துணை. அரிசியை விட இவை செலவு குறைவு. ஆனால் நேரம் அதிகம். பங்கின் அறப்பணியில் உண்மையான தட்டுப்பாடு பெரும்பாலும் பணத்துக்கல்ல, நேரத்துக்குத்தான் என்பதை அன்று கற்றேன்.

மரியாயின் சேனையை வின்சென்ட் சபையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வாரந்தோறும் கூடுகின்றன, இரண்டிலும் இருவர் இருவராக வீடு சந்திக்கிறார்கள், இரண்டிலும் இரகசியப் பை உண்டு. ஆனால் சேனை பொருளுதவி செய்யாது. செய்யாது என்பதோடு செய்யவும் கூடாது. எவ்வளவு சிறிய உதவியானாலும் கூடாது என்பது அதன் விதி. 1921இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் என்ற பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர், தொடங்கிய இயக்கம் இது. பண்டைய உரோமையிலிருந்து எடுத்த பெயர்களால் அதன் அடிப்படைக் குழு பிரசீடியம் என்றும், பல பிரசீடியங்கள் சேர்ந்தது கூரியா என்றும் வழங்குகின்றன. உறுப்பினர்கள் வாரம் 2 மணி நேரமாவது நேரடிப் பணி செய்து, அடுத்த கூட்டத்தில் அறிக்கை தர வேண்டும். நோயாளிகளைப் பார்ப்பது, துக்க வீட்டில் செபமாலை சொல்வது, கோயிலை விட்டு விலகியவர்களோடு பேசுவது, திருஅவை முறைப்படி திருமணம் ஒழுங்குபடாத குடும்பங்களுக்கு வழிகாட்டுவது ஆகியவை அவர்கள் பணி.

பொருளுதவிக்கு ஏன் இந்தத் தடை என்று முதலில் எனக்கும் விளங்கவில்லை. பசித்தவன் வீட்டுக்குப் போய் செபம் மட்டும் சொல்லிவிட்டு வருவதா என்று ஒரு சேனைத் தலைவியிடமே கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் பொறுமையானது: கையில் பையோடு போனால் வீட்டார் பையைப் பார்ப்பார்கள், வெறுங்கையோடு போனால் நம் முகத்தைப் பார்ப்பார்கள். உதவி கிடைக்கும் என்பதற்காகக் கதவு திறக்கும் வீடும், கொடுக்கத் தொடங்கியபின் கொடுக்காத நாளில் மூடிக்கொள்ளும் வீடும் உண்டு. பசி கண்ணில் பட்டால் சேனை வாளாவிருப்பதில்லை. அன்று மாலையே வின்சென்ட் சபைக்குச் செய்தி வந்துவிடும். எங்களுக்கு வரும் தகவல்களில் கணிசமானவை சேனை அம்மாக்களிடமிருந்து வருபவையே. ஒருவர் கண்டுபிடிப்பதும் இன்னொருவர் கொடுப்பதுமாக வேலை பிரிந்திருப்பதில் ஒரு நன்மை இருக்கிறது: கொடுப்பவர் யாரென்று வீட்டாருக்குத் தெரியாமலே உதவி போய்ச் சேர முடிகிறது.

மற்றச் சபைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாடகர் குழு, பீடச்சிறுவர், மறைக்கல்வி ஆசிரியர்கள் ஆகியோர் வழிபாட்டுக்கும் கற்பித்தலுக்கும் உரியவர்கள். திருக்குழந்தைமைச் சபையில் சிறுவர்கள் தங்கள் கைக்காசைப் பிற நாட்டுக் குழந்தைகளுக்காகச் சேர்க்கிறார்கள். 1843இல் பிரான்சில் தொடங்கிய பழக்கம் அது. தாய்மார் சங்கமும் இளையோர் இயக்கமும் ஊருக்கு ஊர் வேறுபடும். இரத்த தானம், மாலைநேர இலவச வகுப்பு, நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது என்று இளையோர் எடுத்துச் செய்யும் பணிகள் பல.

இவற்றுள் ஒன்றைத் தாண்டிப்போக மனமில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எந்தச் சபை என்று பார்க்காமல் எல்லாரும் வந்து நிற்பார்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லித் துக்க மணி அடிப்பது, குழி வெட்ட ஆள் பிடிப்பது, பெட்டிக்குச் சொல்வது, பந்தலும் நாற்காலியும் கொண்டுவருவது, பக்கத்து வீட்டில் காபி போட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது என எல்லாம் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்காமலே நடக்கும். பெட்டிக்கும் குழிக்கும் பணம் இல்லாத வீடு என்றால் அது யாருக்கும் தெரியாமல் சபைக் கணக்கில் சேர்ந்துவிடும். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களில் ஒன்றாகத் திருஅவை கற்பிக்கிறது. எங்கள் ஊரில் அது மறைக்கல்விப் பாடமாக இல்லாமல் வழக்கமாகவே இருக்கிறது.

இனிப் பணம். இதில்தான் புதியவர்களுக்குக் குழப்பமும் சில வேளைகளில் சந்தேகமும் வருவதால், பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிறு திருப்பலியில் எடுக்கப்படும் காணிக்கை பங்கின் பொது நிதிக்குச் செல்கிறது. கோயில் பராமரிப்பு, மின்கட்டணம், பணியாளர் ஊதியம் எல்லாம் அதிலிருந்துதான். ஏழைகளுக்கென்று தனியாக வைத்திருக்கும் உண்டியல் வேறு. பல கோயில்களில் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளின்போது மக்கள் போடும் காணிக்கையும், ஏழைகளுக்கு அப்பமாகவோ உணவாகவோ வழங்குவதற்கானது. குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது திருஅவைச் சட்டத்தின் 1267ஆம் பிரிவு. ஏழைகள் உண்டியலில் விழுந்த பணத்தில் கோயிலுக்கு வெள்ளையடிக்க முடியாது. வெள்ளையடிக்கக் கொடுத்த பணத்தில் அரிசி வாங்கவும் முடியாது. விசுவாசிகள் அளித்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் பங்கில் கணக்கு வாசிக்கப்படும் நாளில் எழுந்து போய்விடாதீர்கள். கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல.

பங்குப் பேரவை, நிதிக்குழு ஆகிய இரண்டையும் இங்கே பிரித்தறிய வேண்டும். பேரவை, அன்பியங்களின் சார்பாளர்களும் சபைகளின் தலைவர்களும் அமர்ந்து பங்கின் பணிகளைத் திட்டமிடும் இடம். அது ஆலோசனை கூறும் அமைப்பே தவிர ஆணையிடும் அமைப்பன்று. ஆயர் தக்கதெனக் கருதும் மறைமாவட்டங்களில் அது அமைய வேண்டும் என்பது 536ஆம் பிரிவு. நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்பது 537ஆம் பிரிவு. திட்டமிடுவதைவிடக் கணக்குக்குச் சட்டம் அதிகக் கண்டிப்புக் காட்டியிருப்பது எனக்கு எப்போதுமே ஆறுதலாக இருந்திருக்கிறது. வின்சென்ட் சபையின் நிதி இந்த இரண்டிலும் சேராது. அதற்குத் தனிக் கணக்கும் தனிப் பொருளாளரும் உண்டு, மேலுள்ள சபை அமைப்புகளுக்கு அறிக்கையும் போகும்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய தவக்காலத்தில் வரவு சற்றுக் கூடும். செபம், நோன்பு, தர்மம் மூன்றும் தவக்காலத்தின் தூண்கள் என்பதால், 40 நாளும் வீட்டில் மிச்சம் பிடித்ததைக் காகித உண்டியலில் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பழைய வீடுகளில் பிடியரிசி வைப்பார்கள்: ஒவ்வொரு நாளும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பது. அந்த ஒரு பிடி குறைந்ததால் வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. நாற்பது நாளில் பானை நிறைந்துவிடும். தவக்காலக் காணிக்கையின் ஒரு பகுதி மறைமாவட்டத்தின் வழியாக, 1962இல் இந்திய ஆயர் பேரவை தொடங்கிய காரித்தாஸ் இந்தியா அமைப்பின் பசி, நோய் ஒழிப்பு இயக்கத்துக்கும் போகிறது. வெள்ளம், புயல் என்று பெரிய இடர்கள் வரும்போது அந்தப் பணம் நம் பங்கு எல்லையைத் தாண்டி வேலை செய்கிறது. 2017 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு ஞாயிறு வறியோர் உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்தது. அன்று சில பங்குகளில் வறியவர்களோடு சேர்ந்தமர்ந்து உண்பார்கள். பரிமாறிவிட்டு நிற்பதை விடச் சேர்ந்து உட்காருவதில்தான் அந்த நாளின் பொருள் இருக்கிறது.

இன்னொரு குழப்பம், துறவற சபைகளின் நிறுவனங்கள் பற்றியது. ஏற்காட்டில் காபிரியேல் சகோதரர்கள் நடத்தும் மான்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. திருஇருதயக் கன்னியர் மடப் பள்ளி குளூனி சகோதரிகளுடையது. இவை கத்தோலிக்க நிறுவனங்கள் என்பதால் பங்குத்தந்தையின் கட்டுப்பாட்டில் உள்ளவை என்று நினைத்து, பள்ளியில் இடம் கேட்டு அவரிடம் வருபவர்கள் உண்டு. அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். முடிவு எடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. துறவற சபைகளுக்குத் தனி நிர்வாகம், தனிக் கணக்கு. அதேபோல மறைமாவட்டச் சமூகப் பணி மையமும் பங்கின் கிளையன்று. சுயஉதவிக் குழுக்கள், தொழிற்பயிற்சி போன்ற நீண்ட காலத் திட்டங்கள் அதன் பொறுப்பு. அவசரத்துக்கு அரிசி வேண்டும் என்றால் அங்கே போவது பயனில்லை. பங்குக்குள்ளேயே கேட்க வேண்டும்.

இத்தனை ஒழுங்கு இருந்தும் தவறு நடக்கும். பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போதிருந்த பங்கில், திருவிழா மேடையில் வைத்துப் பத்துப் பெண்களுக்குச் சேலை வழங்கினோம். பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தோம், ஒவ்வொருவராக ஏறி வந்து வாங்கினார்கள், புகைப்படம் எடுத்தோம். பட்டியலைத் தயாரித்ததும் ஒலிபெருக்கியில் வாசித்ததும் நான்தான். அடுத்த மாதம் அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய எட்டாம் வகுப்பு மகள் என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். பள்ளியில் உடன் படிப்பவர்கள் அந்த மேடையைப் பார்த்திருந்தார்கள். தாய் ஒன்றும் சொல்லவில்லை, உபசரிக்கவே செய்தார். ஆனால் அதற்குப்பின் அந்த வீட்டிலிருந்து எந்த உதவியும் கேட்டு வரவில்லை, தேவை இருந்தும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற நற்செய்தி வார்த்தையைச் சிறுவயதிலிருந்தே மனப்பாடமாக வைத்திருந்தும், ஒரு சிறுமி எழுந்து போன பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் இதைவிடக் கூர்மையான ஓர் அறிவுரை இருக்கிறது: நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அன்பின் கொடையாகக் கொடுப்பதுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது. கூலி பாக்கியால் பட்டினி கிடப்பவருக்கு அரிசி கொடுப்பதோடு, அந்தக் கூலியை வாங்கித் தர உடன் போவதும் சபையின் வேலைதான் என்று நாங்கள் இப்போது எடுத்துக்கொள்கிறோம்.

2020 பொதுமுடக்கத்தின்போது கொலுசுப் பட்டறைகளும் தறிகளும் ஒரே நாளில் நின்றன. யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று விசாரிக்க வெளியே போக முடியாத நேரம். எங்களுக்குக் கைகொடுத்தது, அன்பியப் பொறுப்பாளர்களின் நோட்டுகள். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீட்டில் கைக்குழந்தை, எவருக்குச் சர்க்கரை மாத்திரை நிற்கக் கூடாது என்பதெல்லாம் முன்பே தெரிந்திருந்ததால், அனுமதி பெற்ற சில இளைஞர்கள் இருசக்கர வண்டியில் மூட்டைகளை வாசலில் வைத்துவிட்டு, தொலைபேசியில் சொல்லிவிட்டு நகர முடிந்தது.

இவ்வளவும் படித்தபின், உதவி தேவைப்படுபவர் யாரிடம் போவது என்ற கேள்வி எளிதாகிவிடும். மனுவோ சான்றிதழோ வேண்டாம். உங்கள் தெரு அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் நேராகப் பங்குத்தந்தையிடமோ, பங்கில் உள்ள அருட்சகோதரியிடமோ சொல்லலாம். கத்தோலிக்கர் அல்லாதவரானாலும் இதே வழிதான். ஓரிரு நாளில் இருவர் வீட்டுக்கு வருவார்கள். துருவித் துருவிக் கேட்பதற்காக வருகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

உதவ விரும்புகிறவர்கள், ஊருக்குப் புதியவர்களானால், முதலில் பங்கு அலுவலகத்தில் குடும்பப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அன்பியக்காரர்கள் தாமாகவே தேடி வருவார்கள். பணம் கொடுக்க வசதியுள்ளவர் சபையில் சேராமலே கொடுக்கலாம். வாரம் ஒரு மாலை ஒதுக்க முடிந்தவர், திருப்பலிக்குப் பின் வின்சென்ட் சபைத் தலைவரையோ சேனைத் தலைவியையோ பார்த்துச் சொன்னால் போதும். முதல் சில மாதங்கள் இருவரில் இரண்டாமவராகவே அனுப்புவார்கள். பேச்சை மூத்தவரிடம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதே புதியவரின் வேலை. எனக்கு அப்படி முதன்முதலாகக் கூட்டிப் போனவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டே இரண்டு விஷயங்கள் சொன்னார்: வீட்டுக்குள் நோட்டை எடுத்து எழுதாதே, தெருமுனை தாண்டியபின் எழுதிக்கொள்ளலாம், டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே, பால் இல்லாத டீயாக இருந்தாலும் முழுதாகக் குடித்துவிட்டு எழுந்திரு.